நிலம் எங்கே அண்ணாச்சி?

நம்ம தென்காசிப் பக்கம் சாரல் விழுந்தா குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். கூட்டத்துக்குப் பின்னாடியே பிளாட் போடுறவங்க வருவாங்க. இலஞ்சி, மேலகரம் பக்கம் வயலுக்கு நடுவுல கல் நட்டு கலர்க்கொடி கட்டியிருக்கிறதை நம்மூர்ப் பதிவர்கள் பார்த்திருப்பீங்க. அதுலயாவது போய் நின்னு பார்க்க ஒரு இடம் இருக்கும். இது, இடம் எங்கேன்னே தெரியாம காசு கட்டினவங்க கதை.

எங்க சித்தி பீடி சுத்தின காசுல ஒரு கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) மாசாமாசம் கட்டினாங்க. ஏஜென்ட் சொந்தக்காரர்தான். "என் நிலம் எங்க இருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டா, "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கிடும்"னு பதில். என்னத்தைச் சொல்ல!

இந்த வியாபாரத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. தொண்ணூறுகள்ல தேக்கு மோகம். 1998-ல சென்னை அனுபவ் பிளான்டேஷன்ஸ் கவிழ்ந்ததும் பலருக்கு மயக்கம் தெளிஞ்சது. அடுத்த வருஷமே செபி, கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டு வந்தது: பதிவு பண்ணு, இல்லாட்டி பணத்தைத் திருப்பிக் கொடு.

இங்கேதான் பி.ஏ.சி.எல். வருது. 1996-ல ஜெய்ப்பூர்ல தொடங்கின கம்பெனி. விவசாய நிலத்தை வித்து, அதைச் சீர்படுத்தியும் தர்றோம்னு ஒப்பந்தம். மொத்தமாவும் கட்டலாம், தவணையாவும் கட்டலாம். செபி கேட்டப்ப, "நாங்க நிலம் விக்கிறோம், இது முதலீட்டுத் திட்டமே இல்லை"ன்னாங்க. 2003-ல ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் அவங்க பக்கமே நின்னது. அந்த ஒரு தீர்ப்பு பத்து வருஷம் குடையாப் பயன்பட்டது. 2013 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, விசாரிக்கச் சொல்லி செபிக்கு வழிவிட்டது.

சட்டம் பார்க்கிறது பத்திரத்தோட தலைப்பை இல்லை. பலர் பணம் ஒண்ணாச் சேருதா, வேறொருத்தர் நிர்வாகம் பண்றாங்களா, கட்டினவருக்கு அன்றாட நிர்வாகத்துல கை இருக்கா, லாபம் எதிர்பார்த்துத்தான் கட்டினாங்களா? சித்தி கேட்ட கேள்வியே இதுல பாதியைச் சொல்லிடும் :-)

2014 ஆகஸ்ட் 22-ல உத்தரவு வந்தது: 5.85 கோடிப் பேர்கிட்ட வாங்கின 49,100 கோடி ரூபாயை மூணு மாசத்துல திருப்பிக் கொடு. அவ்வளவு பேர்! தமிழ்நாட்டு மக்கள்தொகையில முக்கால்வாசிக்கும் மேல. பணம் வரலை, அப்பீல்தான் போச்சு. 2015-ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தள்ளுபடி பண்ணிடுச்சு. அதே வருஷம் 7,000 கோடிக்கு மேல அபராதம், டிசம்பர்ல சொத்து ஜப்தி. அபராதம் போட்டது பெரிய செய்தியாச்சு, ஆனா கட்டினவங்க கைக்கு அதுல ஒரு பைசா வரலை.

2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில கமிட்டி போட்டு, நிலங்களை வித்துப் பணம் கொடுக்கச் சொன்னது. வாங்குறதுக்கு ஆள் கிடைக்கணும், வில்லங்கம் தீரணும்... லேசுப்பட்ட வேலையா? 2,500 ரூபாய் வரை பாக்கி உள்ளவங்களுக்கு முதல்ல, அப்புறம் 5,000, 7,000, 10,000-னு படிப்படியா ஏத்தினாங்க. 2019-ல விண்ணப்பத்தை ஆன்லைன்ல போட வேண்டியிருந்தது, கம்பெனி கொடுத்த சான்றிதழை ஸ்கேன் பண்ண வேண்டியிருந்தது, பேரு பான் கார்டோட ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஒரிஜினலைக் கமிட்டி கேக்கிற வரைக்கும் யார் கையிலயும் கொடுக்கக் கூடாது.