நா பூட்டப்பட்ட ஆறு மாதங்கள்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நோயுற்ற வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஹிஜ்ரி 488-ஆம் ஆண்டு. பக்தாத் நகரின் நிஜாமிய்யா மத்ரஸா. அக்காலத்தில் இஸ்லாமிய உலகில் ஓர் ஆலிம் அடையக்கூடிய மிக உயர்ந்த ஆசிரியப் பதவிகளுள் ஒன்று அங்கே இருந்தது. அதில் அமர்ந்திருந்தவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் பாடம் கேட்ட மாணவர்கள் முந்நூறு பேர். ஒருநாள், தம்மை நாடி வந்தவர்களின் மனம் நோகக் கூடாதே என்று அவர் பாடம் நடத்த முயன்றார். நா அசையவில்லை. ஒரு சொல்லைக்கூட அவரால் உச்சரிக்க இயலவில்லை.

அவர்தாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். இதனைப் பிறர் கூறக் கேட்டு நாம் எழுதவில்லை. தமது இறுதிக் காலத்தில் எழுதிய 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் சிறுநூலில் அவர்களே ஒளிவுமறைவின்றி இதைப் பதிவு செய்துள்ளார்கள். நம் மத்ரஸாக்களில் இமாமவர்களின் பெயரை அறியாதவர் இல்லை. இஹ்யாவின் பெயரைச் சொல்லாமல் நம் பயான்கள் முடிவதும் அரிது. எனினும், அந்த இஹ்யாவை எழுதியவர் ஒரு காலத்தில் பேசவும் உண்ணவும் இயலாமல் கிடந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேச வேண்டிய தேவை இருக்கிறது.

புகழின் உச்சியில் வந்த நோய்

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். பின்னர் ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க், 1091-இல் அவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யாவுக்கு ஆசிரியராக நியமித்தார்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1092-இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். அரியணைக்கான போட்டி மூண்டது. 1094-இல் கலீஃபா அல்முக்ததீயும் மறைந்தார். ஆதரித்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, அரண்மனையோடு நெருங்கிய தொடர்பிலிருந்த ஓர் ஆலிமின் மனத்தில் எத்தகைய சுமை ஏறியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். இவற்றுக்கிடையே தத்துவவாதிகளை மறுக்கும் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' போன்ற கடினமான நூல்களையும் அவர்கள் எழுதி வந்தார்கள்.

ஆயினும் இமாமவர்கள் தம் நோய்க்குக் காரணமாக அரசியலைச் சொல்லவில்லை. தமக்குள் நிகழ்ந்த போராட்டத்தையே சொல்கிறார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகத்தானா, பெயருக்கும் பதவிக்குமா என்று தம்மையே கேட்டுக்கொண்டபோது, கிடைத்த பதில் அவர்களை நடுங்கச் செய்தது. காலையில் பக்தாதை விட்டு நீங்கத் துணிவார்கள். மாலையில் அத்துணிவு கலைந்துவிடும். ஓர் அடி முன்வைத்தால் மற்றோர் அடி பின்வாங்கும். ரஜப் மாதத்தில் தொடங்கிய இப்போராட்டம் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது.

அதன் பின்னரே உடல் பணிய மறுத்தது. முதலில் நா அடைத்தது. அதனால் உள்ளத்தில் துயரம் மிகுந்தது. துயரத்தால் செரிமானம் கெட்டது. நீர் ஆகாரம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை; ஒரு கவளமும் செரிக்கவில்லை. உடல் நாளுக்கு நாள் மெலிந்தது.

மருத்துவர்கள் சொன்ன தீர்ப்பு

வந்து பார்த்த மருத்துவர்கள் மருந்தில் நம்பிக்கை இழந்தார்கள். நோயின் வேர் கல்பில் இருக்கிறது. அங்கிருந்து உடலின் இயல்புக்குப் பரவியிருக்கிறது. உள்ளத்தை வருத்தும் கவலை நீங்காதவரை உடலுக்குச் செய்யும் சிகிச்சை பயன்தராது என்பது அவர்கள் கண்ட முடிவு. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதின் மருத்துவர்கள் இவ்வாறு நோயறிந்தார்கள் என்பது வியப்புக்குரியது.

ஆனால், அந்த மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. இமாமவர்கள் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதியிருந்தார். உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் என்பது அதன் பொருள். முதற்பகுதி உடலைப் பற்றியது; இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் உள்ளத்தைப் பற்றியது. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் தாக்கமுறும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்ற குறையையும் அவர் எடுத்துரைத்தார்.

உள்ளத்தின் நோய்களைக் கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காக அவர் வகுத்தார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார்: இழப்பினால் வருவது ஒன்று, காரணம் இன்னதென்று அறியப்படாமல் வருவது மற்றொன்று. இரண்டாவது வகையில் உடலின் பங்கு இருப்பதால், அதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றார். எதிர்பாராத நோய்க்கு மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் நலமாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும் அவருடைய அறிவுரை.

இன்றைய மருத்துவம் சொல்வது

இருபதாம் நூற்றாண்டில் இக்கதவு வேறு வழியில் திறந்தது. அபாயத்தைக் கண்ட உடல் போரிடவோ தப்பியோடவோ தன்னை ஆயத்தப்படுத்துகிறது என்பதை அமெரிக்காவின் வால்டர் கேனன் விளக்கினார். 1936-இல், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே, பலவகைத் தாக்குதல்களுக்கும் உடல் ஒரே மாதிரியான எதிர்வினையைக் காட்டுவதைப் பதிவு செய்தார். இன்று 'ஸ்ட்ரெஸ்' என்று எல்லோரும் சொல்லும் சொல் மருத்துவத்தில் வேரூன்றியது அவராலேயே.

அச்சமோ கவலையோ எழும்போது, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசோலையும் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்நேரத்துக்குத் தேவையற்ற செரிமானம் தளர்கிறது, வாய் வறள்கிறது, தொண்டை இறுகுகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இது அல்லாஹ் அளித்த அருள். ஆனால் கடன், குடும்பச் சண்டை, வேலையின்மை என்று பாம்பு வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் தங்கிவிட்டால், அதே அருள் சுமையாகிறது. உறக்கம் குலைகிறது, நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது, இதய நோய்க்கு வழி பிறக்கிறது, மனம் சோர்வில் ஆழ்கிறது. இமாமவர்கள் எழுதி வைத்த அறிகுறிகளை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் சற்று நின்று சிந்திப்பார்.

ஊர் சொன்ன காரணமும் நாம் செய்த தவறும்

இமாமவர்களின் வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்தும் இடம் வேறொன்று. அவர்கள் பக்தாதை விட்டு நீங்கியபோது மக்கள் தத்தமக்குத் தோன்றியதைப் பேசினார்கள். தொலைவில் இருந்தோர், ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடுகிறார் என்றனர். அருகிருந்தோர், இது வானிலிருந்து இறங்கிய விதி. ஆலிம்கள் மீது கண்ணேறு பட்டுவிட்டது என்றனர். அந்த மனிதர் உள்ளே என்ன பாடுபட்டார் என்பது இவர்களில் எவருக்கும் புலப்படவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம்மிடம் ஹிஃப்ழ் ஓதிய மாணவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இருபத்திரண்டு ஜுஸ்வுகளை முடித்திருந்த பிள்ளை. திடீரென ஸபக் கொடுக்க வந்து அமர்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஃபஜ்ருக்குப் பின் வாந்தி எடுப்பார். சோம்பல் என்றோம். பாவம் செய்தால் மனனம் நிற்காது. இஸ்திஃக்ஃபார் செய் என்றோம். வீட்டார் கண்ணேறு என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். வெளிநாட்டில் தந்தை வேலை இழந்திருந்ததும், உறவினர் அறியக் கூடாதென்று தாய் அதை அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லியிருந்ததும், அவர் மத்ரஸாவை விட்டுச் சென்ற பிறகே நமக்குத் தெரிந்தன. பதினான்கு வயதில் ஒரு குடும்பத்தின் இரகசியத்தைச் சுமந்துகொண்டு அவர் ஓத வந்திருந்தார். என்னப்பா கஷ்டம் என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை. முன்கிதுவின் அப்பக்கங்களை நாம் அதற்கு முன்பே படித்திருந்தோம் என்பதுதான் நம்மை இன்றும் வெட்கப்படச் செய்கிறது. பின்னர் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். மரியாதையோடு தேநீர் கொடுத்து அனுப்பினார். விட்ட ஹிஃப்ழை அவர் தொடரவில்லை.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் நம் வழியே, அதில் ஐயமில்லை. ஆனால் துயரப்படுவதே ஈமானின் குறை என்று யார் நமக்குச் சொன்னார்கள்? யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துக்கத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆனே எடுத்துரைக்கிறது. நபியாகிய அவர்கள் அழகிய பொறுமையும் கொண்டிருந்தார்கள். உடல் தளரும் அளவுக்குத் துயரமும் அடைந்தார்கள். கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே சீராவில் பெயர் பெற்றது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சச் சொன்னது, அது நோயுற்ற உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபியவர்களிடம் கேட்டிருந்ததால்தான்.

மீண்டெழுந்த வழி

இமாமவர்கள் எவ்வாறு மீண்டார்கள்? முதலில், தம் இயலாமையை ஒப்புக்கொண்டு, வேறு போக்கிடமற்றவராக அல்லாஹ்விடம் சரணடைந்தார்கள். அடுத்து, தம்மை நோயில் தள்ளிய சூழலை விட்டு விலகினார்கள். குழந்தைகளுக்கும் தமக்கும் போதுமான அளவை வைத்துக்கொண்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஹிஜ்ரி 488 துல்கஃதாவில் பக்தாதை நீங்கி, திமிஷ்கில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினார்கள். பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்து வணங்கினார்கள். பைத்துல் முகத்தஸுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்றார்கள். பிறகு பிள்ளைகளின் நினைவு அவர்களை ஊருக்கு இழுத்து வந்தது. ஹிஜ்ரி 499-இல், பதினோராண்டுகளுக்குப் பின், நைஸாப்பூரில் மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) தூஸில் மறைந்தார்கள். இஹ்யா உலூமித்தீன், அந்த இடைப்பட்ட காலத்தின் விளைச்சலே.

அவர்கள் தங்கிய அதே திமிஷ்கில், சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின் சுல்தான் நூருத்தீன் ஒரு பீமாரிஸ்தானைக் கட்டினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. வக்ஃபு வருமானமே அதை நடத்தியது. மனம் நோயுற்றவருக்கு மருத்துவம் செய்வதை நம் முன்னோர் தவக்குலுக்கு மாறாகக் கருதவில்லை. வக்ஃபு செய்து நன்மை தேடும் காரியமாகவே கருதினார்கள்.

ஆகவே பெற்றோரே, உஸ்தாதுமார்களே! வீட்டில் ஒருவருக்கு உறக்கம் கெட்டால், உணவு இறங்காவிட்டால், காரணமின்றி அழுகையோ படபடப்போ வந்தால், அவருக்காகத் துஆ செய்யுங்கள். அதோடு அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைத் தீர்ப்புக் கூறாமல் செவிமடுங்கள். தேவையெனில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் செல்வதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே மருத்துவர்களை அருகே விட்டார்கள். அவர்கள் சொன்னதை மறைக்காமல் நமக்காக எழுதியும் வைத்தார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகள் சொல்ல இயலாமல் சுமப்பவற்றைக் காணும் கண்களை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் கவலைகளை நீக்கி, உள்ளங்களுக்கும் உடல்களுக்கும் ஷிஃபாவை அருள்வாயாக. ஆமீன்.