மணிமேகலை: கடல் கடந்த ஒரு பெண்பெயர்

மணிமேகலை என்பது முதலில் ஒரு கடல் தெய்வத்தின் பெயர். அத்தெய்வத்தின் நினைவாகப் புகார் நகரத்து வணிகன் ஒருவன் தன் மகளுக்கு அதைச் சூட்டினான். அந்த மகளின் வரலாற்றைச் சொல்லும் காப்பியத்துக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று. மணிகள் கோத்த இடையணி என்பது சொல்லின் பொருள். இன்று இப்பெயர் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டிலும், தாய்லாந்து விகாரைகளின் சுவரோவியத்திலும், கம்போடிய அரசவை நடனத்திலும், பசிபிக் புயல்களின் பெயர்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு பெண்பெயர் இத்தனை நாடுகளில் ஒட்டிக்கொண்டதற்குக் கடல் வணிகமும் பௌத்தமும் காரணம்.

பாலி மொழியில் அமைந்த பௌத்த ஜாதகக் கதைகளில் இரண்டு, இத்தெய்வத்தின் பணியைத் தெளிவாகச் சொல்கின்றன. திசைக் காவலர் நால்வர் அவளைக் கடலுக்குக் காவலாக வைத்தனர். நல்வினை செய்தவர்கள் கடலில் மூழ்கி இறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. சங்க ஜாதகத்தில், முன்பு ஒரு துறவிக்குச் செருப்பும் குடையும் தானம் செய்த சங்கன் என்னும் அந்தணனைக் கப்பல் உடைந்தபோது அவள் காப்பாற்றுகிறாள். மகாஜனக ஜாதகத்தில், கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் இளவரசன் மகாஜனகன் ஏழு நாள் நீந்துகிறான். வானுலக இன்பத்தில் மூழ்கி அத்தனை நாளும் கடலைக் கவனிக்கத் தவறிய தெய்வம், ஏழாம் நாள் விரைந்து வந்து அவனைத் தூக்கிச் சென்று மிதிலையில் சேர்க்கிறது. இரு கதைகளிலும் கப்பல் புறப்பட்டது சுவர்ணபூமியை நோக்கி. இன்றைய தென்கிழக்காசியக் கரைக்கு அக்கால வணிகர் வைத்திருந்த பெயர் அது. 1930களின் தொடக்கத்தில் இத்தெய்வத்தைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறிஞர் சில்வைன் லெவி, வழிபாட்டின் ஊற்றுக்கண்ணைத் தென்னிந்தியக் கடற்கரையில் தேடினார்.

இத்தெய்வத்தின் பெயரைச் சூட்டிய சடங்கு தமிழில் விரிவாகப் பதிவாகியிருப்பது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில். மதுரையின் புறஞ்சேரியில் அந்தப் புகார் வணிகன் கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையோன், அவனுடைய பழைய நற்செயல்களை அவனுக்கே நினைவூட்டுகிறான். அவற்றில் ஒன்று மகளின் பெயர் சூட்டு விழா. கோவலனுக்கும் கணிகை மாதவிக்கும் பெண் பிறந்து, தீட்டு நாள் கழிந்ததும், கணிகையர் குலத்து மூதாட்டியர் குழந்தைக்கு நல்ல பெயர் ஒன்று வைக்க வேண்டும் என்று கூடுகிறார்கள். கோவலன் தன் முன்னோர் ஒருவரின் கதையைச் சொல்கிறான். நள்ளிரவில் நடுக்கடலில் அவரது மரக்கலம் உடைந்தது. பல நாள் நீந்தித் தவித்தவர் முன் மணிமேகலா தெய்வம் தோன்றி, அஞ்ச வேண்டாம் என்று சொல்லிக் கரை சேர்த்தது. தங்கள் குலதெய்வமான அதன் பெயரையே இட வேண்டும் என்கிறான். ஆயிரம் கணிகையர் கூடி அப்பெயர் சொல்லி வாழ்த்த, கோவலனும் மாதவியும் தானம் கேட்டு வந்தவர்களுக்குப் பொன்னை வாரி வழங்குகிறார்கள்.

தாய்வழியில் அந்தக் குழந்தை கணிகையர் குலத்தைச் சேர்ந்தது. கடல் வணிகக் குடும்பம் ஒன்று பட்ட நன்றிக்கடனை அதன் பெயரில் ஏற்றியதன் மூலம், தந்தை வழியையும் கோவலன் அதற்கு உரிமையாக்கினான். இரண்டு குலங்களுக்கும் பொதுவாக நிற்கும் பெயர் வேண்டும் என்ற தேவை அன்றே இருந்தது.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியம் முப்பது காதைகள் கொண்டது. இதில் தெய்வமும் பெண்ணும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். இந்திர விழாவைக் காணப் புகாருக்கு வந்த தெய்வம், உவவனம் என்னும் சோலையில் இருந்த மணிமேகலையைத் தூக்கிச் சென்று தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விடுகிறது. அத்தீவை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்று கருதுவோர் பலர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் உணவுப் பாத்திரம் அவளுக்குக் கிடைப்பது அங்கேதான். கதை பின்னர் கடல் தாண்டிச் சாவக நாட்டுக்கும் செல்கிறது. காப்பாற்றும் இதே தெய்வத்துக்கு அழிக்கும் முகமும் உண்டு. மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்ததால், தெய்வத்தின் சாபப்படி புகாரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம்.

தமிழ் வணிகர் கீழைக் கடலோடியதற்குக் கல்லில் சான்றுகள் உள்ளன. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்னும் இடத்தில், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது. அதற்கு வடக்கே தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டிய குளம் ஒன்றை மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரின் பாதுகாப்பில் விட்டதைக் குறிக்கிறது. தெய்வத்தின் பெயரைக் கொண்டுபோனவர்கள் இன்னார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. வணிகர் வாய்வழியாகவும் பாலி நூல்கள் வழியாகவும் அது போயிருக்கலாம்.

போன இடத்தில் தெய்வத்தின் வேலை மாறியது. கம்போடியாவில் அவள் மோனி மேகலா, மின்னலின் தேவி. அங்கு வழங்கும் கதையில், விடிவதற்குள் ஒரு குடம் நிறையப் பனிநீர் கொண்டுவரும்படி முனிவர் ஒருவர் தம் மாணாக்கருக்குப் போட்டி வைக்கிறார். மற்றவர்கள் இலை இலையாகத் துளிகளைச் சேர்க்க, மேகலா தன் துணியைப் புல்லில் விரித்துவைத்து, விடியற்காலையில் பிழிந்து குடத்தை நிரப்பிவிடுகிறாள். பரிசாகக் கிடைத்தது ஒளிவிடும் பளிங்கு உருண்டை. தோற்ற அரக்கன் ரீம் ஏசோ அதைப் பறிக்கக் கோடரியோடு துரத்துகிறான். அவள் உருண்டையைச் சுழற்றும்போது மின்னுகிறது, அவன் கோடரி வீசும்போது இடிக்கிறது, பிறகு மழை. இதை நடனமாக ஆடுவது அங்கே மழை வேண்டும் சடங்கின் பகுதி. 1975 முதல் 1979 வரையிலான கெமர் ரூஜ் ஆட்சியில் அரசவை நடனக் கலைஞர்களில் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியவர்கள் அக்கலையை மீட்டெடுத்தார்கள். கம்போடிய அரசவை நடனத்தை யுனெஸ்கோ 2003இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

தாய்லாந்தில் அவள் மேகலா, துரத்தும் அரக்கன் ராமசூன். அங்கே ஜாதகக் கதையும் மறையவில்லை. நீந்தும் மகாஜனகனை மேகலா தூக்கிச் செல்லும் காட்சி விகாரைச் சுவர்களில் தீட்டப்பட்டிருக்கிறது. மன்னர் பூமிபோல் 1996இல் மகாஜனகன் கதையைத் தம் நூலாக வெளியிட்டார். மேற்குப் பசிபிக் புயல்களுக்கு 14 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பெயர் தரும் முறை 2000இல் நடைமுறைக்கு வந்தபோது, தாய்லாந்து அளித்த பெயர்களில் மேகலாவும் ஒன்று. 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிலிப்பைன்சில் இருந்தபோது அந்நாட்டைத் தாக்கிய புயலின் பெயர் அதுதான்.

தமிழகத்தில் காப்பியங்கள் ஏட்டுச் சுவடிகளில் முடங்கிக் கிடந்தன. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892லும் மணிமேகலையை 1898லும் பதிப்பித்தார். பௌத்தக் கருத்துகள் தமிழ்ப் புலவர்களுக்கே பழக்கமற்றுப் போயிருந்ததால், கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்தே அவர் பணியை முடித்தார். அச்சுக்குப் பின் பெயர் மக்களிடம் வந்தது. 1940இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'மணிமேகலை' திரைப்படம் வெளியானது. 1950களின் முற்பாதியில் கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலில் கடம்பூர் மாளிகைப் பெண்ணுக்கு இதே பெயர். திராவிட இயக்கத்தார் இலக்கியப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டிய காலத்தில் மணிமேகலையும் மேகலாவும் வீட்டுப் பெயர்களாயின.

ஊர் கடந்து செல்லும் பெயருக்கு வேண்டியவை எவை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. முழுப்பெயர் நீளமானது, மேகலா என்ற மூன்றெழுத்து எங்கும் நாவில் நின்றது. ககரத்தைத் தமிழர் ஒரு விதமாகவும் தாய் மக்கள் வேறு விதமாகவும் ஒலித்தாலும் பெயர் அடையாளம் இழக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டல்களாகப் பிரிகிறது. பிறப்புச் சான்றிதழில் எழுதும் எழுத்துக்கூட்டலே பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் தொடரும்படி பெற்றோர் பார்த்துக்கொண்டால் பிற்காலத்தில் அலைச்சல் இல்லை. உச்சரிக்க எளிதாக இருப்பது மட்டும் போதாது. கேட்டவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்ததால்தான் மணிமேகலை போன ஊரிலெல்லாம் நிலைத்தது. மகளுக்குப் பெயர் தேடுவோர் பட்டியல்களைப் புரட்டுமுன், தம் குடும்பத்திலும் இலக்கியத்திலும் அப்படிச் சொல்லத்தக்க கதை எது என்று பார்ப்பது நல்லது. கோவலன் செய்ததும் அதையே.