தண்டில் காய்த்த முடிச்சு

எங்கள் தோட்டத்து மண்ணுக்குள் மடக்கி உழுத பூண்டுகளில் இரண்டு அகத்திக்குப் பங்காளிகள். தக்கைப்பூண்டு எந்தக் காலத்தில் எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு வந்ததென்று அப்பாவைப் பெற்ற அப்பாருவுக்கே தெரியாது. மணிலா அகத்தி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: அப்பா ஒரு துணிப்பையில் கொண்டுவந்தார்.

அதற்கு முன் எருவென்றால் பட்டிதான். அறுப்பு முடிந்த காட்டில் ஆடுகளை அடைத்து, ராத்திரிக்கு ராத்திரி படலை நகர்த்துவார் அப்பாரு. மேட்டில் முளைத்த கொழுஞ்சி, வேலியோர எருக்கு, எல்லாம் மண்ணுக்குப் போகும். யூரியா மூட்டை வந்ததும் பட்டி குறைந்தது. தக்கைப்பூண்டு மட்டும் தங்கியது. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழவு. களர் மண்ணிலும் சளைக்காது.

மணிலா அகத்திக்குப் பேரில்தான் மணிலா. பிறப்பு மேற்கு ஆப்பிரிக்கா. தக்கைப்பூண்டுக்கு முடிச்சு வேரில். இதற்கு வேரிலும் உண்டு, தண்டிலும் உண்டு. தண்டு நெடுக வரிசையாக இருக்கும் புள்ளிகளில் நுண்ணுயிர் புகுந்தால் பச்சை முடிச்சாகப் புடைக்கும். நான் நகத்தால் கிள்ளிப் பார்த்திருக்கிறேன். டிரேஃபஸ், டொமெர்க் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1981-இல் இந்தத் தண்டு முடிச்சைப் பற்றி எழுதினார்கள். 1988-இல் அந்த நுண்ணுயிருக்கு அசோரைசோபியம் என்று தனிப்பேரே வந்தது. வயலில் தண்ணீர் நின்று வேர் மூச்சுமுட்டினாலும், தண்டு காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காவிரிக்கரை நெல்வயலுக்கு அது வரம். கிணற்றை நம்பி மஞ்சள் போடுகிற எங்கள் செம்மண்ணில் தண்ணீர் எங்கே நிற்கிறது? அதன் பெரிய திறமைக்கு இங்கே வேலையே இல்லை.

விதையும் சண்டித்தனம் செய்தது. தோல் கெட்டி, அடர் ஆசிட்டில் நேர்த்தி செய்தால்தான் ஒழுங்காக முளைக்கும் என்றார்கள். லாரிக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணி போதுமா என்று அப்பா கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்போம். சும்மா விதைத்தார், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. மறுவருஷம் ஐப்பசியில் விதைத்தபோது, பகல் குறைந்த மாதமாதலால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது.

அதன்பின் யாரும் மணிலா அகத்தி விதை வாங்கவில்லை. தக்கைப்பூண்டை உழும்போது மட்டும் அப்பா கிணற்றோரம் விதைக்கென்று ஒரு சால் விட்டுவைப்பார். நெற்று காய்ந்ததும் தட்டி, அட்டாலிப் பானையில் அடுத்த சித்திரைக்கு.