கோட்டைவாயிற் கல்லும் துறைமுகத்துப் பீரங்கியும்

திருக்கோணமலை என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலிலே தோன்றுவது கோணேசர் ஆலயம். பிற நாட்டு மாலுமிகளுக்கு முதலிலே தோன்றியது அதன் துறைமுகம். இவை இரு வேறு கதைகள் போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு ஒரே கதையின் இரு பக்கங்களே. எமது சங்கத்து இளைஞர் பதினைவர், மூத்த அங்கத்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, அண்மையில் அங்கு சென்றுவந்தோம். கண்டவற்றையும், காணும்போது எம் மனத்தில் எழுந்தவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

காலையிலே பிரட்றிக் கோட்டை வாயிலை அடைந்தோம். மான்கள் மேயும் அக்கோட்டையினூடாகவே கோணேசர் மலைக்குச் செல்லும் பாதை உள்ளது. வாயிலின் கற்களிலே இணைக்கயல் பொறித்த கல்லொன்றும், தமிழ் எழுத்துப் பொறித்த கல்லொன்றும் உள. குளக்கோட்டன் செய்த திருப்பணியையும், அதனைப் பறங்கியர் அழிக்கப் போவதையும் கூறும் வாசகம் அஃது என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற அத்திருக்கோயில் 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. இடித்த கற்களைக் கொண்டே அவர்கள் கோட்டையை எழுப்பினர். தெய்வத்தைத் தாங்கிய கல் பீரங்கியைத் தாங்கும் கல்லாயிற்று. ஆயினும் கல்லிலே எழுதியதை அவர்கள் அழித்தாரல்லர். அதனாலன்றோ அக்கல் இன்றும் நம்மோடு பேசுகின்றது!

இத்துறைமுகத்தை நாடி இத்தனை பேர் ஏன் வந்தனர் என்று இளைஞர் ஒருவர் வினவினார். விடை காற்றிலே இருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்றும் புயலும் வீசுங்கால், சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல்கள் ஒதுங்குதற்கு அக்காலத்தில் ஓரிடமும் இருந்ததில்லை. சென்னையோ திறந்த கடற்கரை. திருக்கோணமலையோ மலைகள் காவல் செய்ய, ஆழமான நீரோடு, எக்காலத்தும் கப்பல்களை ஏற்றுக்கொள்ளும் இயற்கைத் துறை. வங்கக் கடலை ஆள விரும்பினார்க்கு இத்துறை இன்றியமையாததாயிற்று.

1639 இல் ஒல்லாந்தர் கண்டியரசன் துணையோடு போர்த்துக்கேயரை வெளியேற்றினர். 1782 ஆம் ஆண்டு ஒன்றே இத்துறையின் அருமையைக் காட்டப் போதும். அவ்வாண்டு தை மாதம் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஆவணியிலே பிரான்சியத் தளபதி சுவ்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3 ஆம் நாள் இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே பொருதன. துறையை இழந்த ஹியூஸ் தம் கப்பல்களைச் செப்பனிடப் பம்பாய் வரை செல்லவேண்டியதாயிற்று. சமாதானத்தின் பின் ஒல்லாந்தரிடம் மீண்ட கோட்டையை 1795 இல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்தனர். 1803 இலே அதற்குப் பிரட்றிக் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

கோணேசரை வணங்கி இறங்கியபின், கடற்கரையை அடுத்த பழைய ஆங்கிலேயர் இடுகாட்டைக் கண்டோம். ஜேன் ஒஸ்ரின் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியையின் தம்பியும், கடற்படைத் தளபதியுமாகிய சாள்ஸ் ஒஸ்ரின் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1852 இல் பர்மாவிலே நோயால் இறந்தவர் அவர். அதன்பின், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடமொன்றைப் புதுக்கி 2013 இல் திறந்த கடற்படை வரலாற்று நூதனசாலைக்குச் சென்றோம். தடித்த சுவர்களையும் அகன்ற விறாந்தையையும் உடைய அவ்வீடே ஒரு காட்சிப்பொருளாகும்.

பிற்பகலில் முன் அனுமதி பெற்று, கடற்படைத் தளத்தினுள் உள்ள ஹூட்ஸ் கோபுர நூதனசாலைக்கு ஏறினோம். துறைமுக வாயிலைக் காக்க ஒல்லாந்தர் அமைத்த ஒஸ்டன்பேர்க் கோட்டை இருந்த முனை அது. பழைய பீரங்கிகளும், வெடிமருந்து வைத்த நிலக்கீழ் அறைகளும் அங்கே உள. உச்சியில் நின்று பார்த்தால் துறைமுகத்து வாய் முழுவதும் உள்ளங்கை நெல்லிக்கனிபோலத் தெரிகின்றது.

அவ்விடத்திலேதான் எம்முடன் வந்த பெரியவர் பேசத் தொடங்கினார். அதுவரை அவர் மௌனமாகவே வந்தார். 1942 ஏப்பிரில் 9 ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தபோது அவருக்கு வயது ஐந்து. அன்றே, முதல்நாள் இரவு இத்துறையை விட்டுச் சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவை நூல்களிலே உள. பெரியவர் சொன்னதோ நூல்களில் இல்லாதது.

"சீனன்குடாவிலே எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை பகலை இரவாக்கினது, தம்பிமார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தா. அப்பர் டொக்யாட்டிலே வேலை. அவர் வருவாரோ வரமாட்டாரோ எண்டு தெரியாது. மூண்டாம் நாள் கரி பூசின முகத்தோடை வந்து சேர்ந்தார். அவருடைய இலக்கம் வெட்டின பித்தளை வில்லை இப்பவும் என்ர பெட்டியிலே கிடக்குது. எனக்குப் பிறகு அது என்னவெண்டு ஆருக்குத் தெரியும்?"

யாரும் விடை கூறவில்லை. கீழே கடல் அலை மட்டும் ஒலித்தது.

திரும்பி வருகையில் எமக்கு இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. 1817 இல் பம்பாயிலே, வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சரின் மேற்பார்வையிலே, தேக்குமரத்தாற் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்று 'திருக்கோணமலை' என்னும் பெயரைத் தாங்கியது. பின்னாளிலே பெயர் மாறி, பயிற்சிக் கப்பலாகிப் பழுதுற்ற அதனை, இங்கிலாந்திலுள்ள ஹாட்டில்பூல் நகரத்தார் பத்தாண்டுக்கு மேல் உழைத்துப் புதுக்கி, பழைய பெயரையும் மீட்டு, நூதனசாலையாகப் பேணி வருகின்றனர். நம் ஊரின் பெயர் கொண்ட மரக்கலத்தை அந்நியர் அவ்வளவு அன்போடு காக்கின்றனர். நம் ஊரின் நினைவை நாம் எவ்வளவு காக்கின்றோம்?

தளபதிகளின் பெயர்களை வரலாறு எழுதிவைத்துள்ளது. கப்பலுக்குக் கரி சுமந்தவரும், இயந்திரம் பழுதுபார்த்தவரும், கந்தோரிலே கணக்கெழுதியவரும் எழுதப்படாமலே போகின்றனர். 1957 இல் ஆங்கிலேயர் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அவர்கள் காலத்தில் அங்கு வேலை செய்தோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. பிறர்மேற் குறை கூறுதற்கு இதில் இடமில்லை. கேளாதிருந்த குறை நம்முடையதே.

ஆதலால் எமது சங்கம் இவ்வாண்டிலே ஒரு பணியைத் தொடங்கியுள்ளது. பெரியவருடைய பித்தளை வில்லையைப் படம்பிடித்து, அவர் கூறியவற்றை அவர் வாய்மொழியிலேயே ஒரு கொப்பியில் எழுதி முடித்தோம். அதுவே முதற் பக்கம். மூத்தோரே, உங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டுங்கள். இளைஞரே, ஒரு மாலைப் பொழுதையேனும் உங்கள் பாட்டன் பாட்டியர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். கோயில் இடிந்தபோதும் எழுதிய கல் எஞ்சியது. எழுதாதது எஞ்சாது.