ஐ கேன் ஒன்லி இமேஜின் (திரைப்படம்)

ஐ கேன் ஒன்லி இமேஜின், 2018 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் வெளியான கிறிஸ்தவக் குடும்பத் திரைப்படம். மெர்சிமி இசைக்குழுவின் பாடகர் பார்ட் மில்லார்டின் இளமைக்காலத்தையும், அவர் எழுதிய இதே பெயருடைய பாடல் பிறந்த கதையையும் சொல்கிறது. இயக்கியவர்கள் ஆண்ட்ரூ எர்வின், ஜான் எர்வின் சகோதரர்கள். பார்ட்டாக மேடை நடிகர் ஜே. மைக்கேல் ஃபின்லியும், தந்தை ஆர்தராக டென்னிஸ் குவைடும் நடித்தனர். ஃபின்லிக்கு இதுவே முதல் படம்.

கதை டெக்சாஸ் மாநிலத்தின் கிரீன்வில் ஊரில் தொடங்குகிறது. ஆர்தரின் அடி தாங்காமல் மனைவி வீட்டைவிட்டுப் போய்விட, மகன் அவரிடமே வளர்கிறான். சாப்பாட்டுத் தட்டை அவர் மகனின் தலையில் அடித்து உடைக்கும் காட்சி, குடும்பத்தோடு பார்க்க எடுக்கப்பட்ட படத்தில் எதிர்பாராத அளவுக்குக் கடுமையானது. விளையாட்டில் கால் முறிந்து பள்ளிப் பாடகர் குழுவில் சேரும் பார்ட், பின்னர் ஊரைவிட்டுக் கிளம்பி இசைக்குழுவோடு அலைகிறார். மேலாளர் ஸ்காட் பிரிக்கல் சொன்னதைக் கேட்டு வீடு திரும்பும்போது, அப்பா வேதாகமம் வாசிக்கிறார், வானொலியில் பிரசங்கம் கேட்கிறார், மகனுக்குக் காலை உணவு சமைத்து வைக்கிறார். செய்ததற்கெல்லாம் மன்னிப்பும் கேட்கிறார். கடவுள் மன்னிக்கலாம், தன்னால் முடியாது என்று மகன் மறுத்துவிடுகிறார்.

படத்தின் உயிர் இந்த மறுப்பில்தான் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் கெட்ட குமாரன் உவமையில் மனந்திரும்பி வருபவன் மகன். ஓடிப்போய்க் கட்டிக்கொள்பவர் தகப்பன். இங்கே மனந்திரும்பியவர் தகப்பன். கிருபை காட்ட வேண்டிய இடத்தில் நிற்பது அடிபட்ட பிள்ளை. ஒரு ஜெபத்தோடு எல்லாம் சரியாகிவிடும் படங்கள் இவ்வகையில் ஏராளம். இந்தப் படமோ பிள்ளையின் கோபத்துக்கும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. ஆனாலும், அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகே மகன் இளகுகிறார். சாகப்போகிறவரை மன்னிப்பதும், இன்னும் இருபது ஆண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிடப்போகிறவரை மன்னிப்பதும் ஒன்றல்ல. அந்தக் கடினமான பக்கத்தைத் திரைக்கதை தொடவில்லை.

நடந்த வரலாறு வேறு. ஆர்தர் கணையப் புற்றுநோயால் 1991-இல் இறந்தபோது பார்ட்டுக்கு வயது 18. மெர்சிமி தொடங்கப்பட்டதே 1994-இல்தான். பள்ளியில் படித்த காலத்திலேயே பார்ட் நோயாளித் தந்தையோடு ஒரே வீட்டில் இருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். இருவருக்கும் இடையிலான சமாதானமும் அப்போது உருவானதே. கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வருவதாகக் காட்டியது நாடகத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால், நாள்பட்ட அந்தப் பொறுமையான மன்னிப்பு படத்தில் காணாமல் போய்விட்டது. பெரிய இழப்பு அது.

ஆர்தரின் அடக்கத்தின்போது பாட்டி சொன்ன ஒரு வார்த்தையே பாடலுக்கு விதை. ஆர்தர் இப்போது என்னவெல்லாம் காண்கிறாரோ என்று அவர் வியந்தது பேரனின் மனத்தில் தங்கிவிட்டது. பாடல் 1999-இல் குழுவே வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்று, 2001-இல் ஆல்மோஸ்ட் தேர் தொகுப்பில் மீண்டும் வந்தது. 2003-இல் கிறிஸ்தவ நிலையங்களைத் தாண்டிப் பொது வானொலிகளும் அதை ஒலிபரப்பின. பாடகி எமி கிராண்ட் தாம் பாடவிருந்த அந்தப் பாடலை மேடையிலேயே பார்ட்டிடம் திருப்பிக் கொடுக்கும் காட்சி, படத்தின் உச்சக்கட்டம்.

ஏறத்தாழ 70 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம், முதல் வார இறுதியிலேயே 1.7 கோடி டாலர் ஈட்டி பிளாக் பேந்தர், டூம் ரெய்டர் படங்களுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. மொத்த வசூல் 8.5 கோடி டாலரைத் தாண்டியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு 5 லட்சம் டாலரில் எடுத்த ஃபயர்ப்ரூஃப் என்ற படம் ஏறக்குறைய 3.3 கோடி டாலர் ஈட்டியிருந்தது. இமேஜின் வெற்றிக்குப் பின், 2019-இல் எர்வின் சகோதரர்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து கிங்டம் ஸ்டோரி கம்பெனியைத் தொடங்கினர். 2023-இல் வந்த ஜீசஸ் ரெவல்யூஷன் அந்நிறுவனத்தின் படமே.