கிரனாடாவில் மருதாணி

அந்தோனியோ தெ கெவாரா என்ற ஸ்பானிய உரைநடைக்காரரை நம்மில் அதிகம் பேர் படித்திருக்க நியாயமில்லை. பிரான்ஸிஸ்கன் துறவி, ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் அரசவைப் பிரசங்கி. 1529இல் வெளிவந்த இவருடைய 'அரசர்களின் கடிகாரம்' அந்த நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுப் படிக்கப்பட்டது. அதில் டான்யூப் நதிக்கரைக் குடியானவன் ஒருவன் ரோமாபுரி செனட்டின் முன் நின்று, தன் நாட்டைப் பிடித்துக்கொண்டவர்களை நியாயம் கேட்கிறான். தோற்றவனுக்குக் குரல் தந்த பக்கங்கள் என்று அதற்கு இன்றும் மதிப்பு உண்டு. இதே கெவாராதான் கிரனாடா ராஜ்யத்தில் க்வாதிக்ஸ் நகரத்து பிஷப்பாக இருந்தபோது, ஸெனெத்தேப் பகுதிப் பெண்களின் கூந்தலைக் கத்தரிக்கவும், கைகளிலிருந்த மருதாணியைச் சுரண்டி எடுக்கவும் முனைந்தவர்.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. அடுத்த பத்து வருஷங்களுக்குள் அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. பெயரளவில் கிறிஸ்தவர்கள், மொரிஸ்கோக்கள். மனசை யாரும் திறந்து பார்க்க முடியாது, கையைப் பார்க்கலாம்.

சுரண்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆறாவது படிக்கும்போது, அம்மியில் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அரைத்ததில் மிஞ்சிய விழுதை அக்கா என் உள்ளங்கையில் அப்பிவிட்டாள். காலையில் உதிர்த்தபோது ஆரஞ்சு நிறம். தேங்காயெண்ணெய் தடவி, இன்றைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொம்பளை என்று பெயர் கிடைத்தது. சாயங்காலம் கிணற்றடியில் செங்கல் துண்டால் தேய்த்தேன். தோல் எரிந்தது, ஓரிடத்தில் ரத்தம் கசிந்தது. மறுநாள் பார்த்தால் நிறம் முன்னைவிடக் கறுத்திருந்தது.

இது வெறும் ரசாயனம். இலையிலுள்ள லாஸோன் என்ற பொருள் மேல்தோலின் செத்த அடுக்கிலுள்ள கெராட்டினோடு பிணைந்துகொள்கிறது. பிறகு காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில் அடர்ந்து சிவக்கிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமன், அதனால் அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். சாயம் வெளுத்துப் போவதைவிட, தோல் உதிர்ந்து சாயத்தையும் கூடக் கொண்டுபோகிறது என்பதே சரி. இரண்டு மூன்று வாரம். எண்ணெய் தடவு, சோப்புப் போடாதே, பாத்திரம் தேய்க்காதே என்று பெண்கள் சொல்லும் பக்குவமெல்லாம் தோலைச் சீக்கிரம் உதிரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். பிஷப் மூன்று வாரம் பொறுத்திருந்தால் சுரண்டவே வேண்டியிருக்காது. மூன்று வாரத்தில் மறுபடி வைத்துக்கொள்வார்களே என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் கிரனாடா நீதிமன்றத்தில் போய் முறையிட்டார்கள். விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் சொற்பம் என்று சொல்லி, நீதிபதிகள் பிஷப்பைத் தடுத்தார்கள். அது ஒரு காலம்.

1567 ஜனவரி 1ஆம் தேதி இரண்டாம் பிலிப்பின் சட்டம் கிரனாடாவில் பறைசாற்றப்பட்டது. மூன்று வருஷத்தில் அரபியை விட்டுவிட வேண்டும். முக்காடு கூடாது, ஸ்நான கட்டடங்கள் கூடாது, அரபிப் பெயர்கள் கூடாது, பெண்கள் மருதாணி வைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமைகளிலும் கல்யாண நாட்களிலும் வீட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும். கதவும் மருதாணியும் ஒரே சட்டத்தில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கையிலும் விழுதை அப்பிக்கொண்டவள் தானாகச் சோறு அள்ளித் தின்ன முடியாது. ஊட்டிவிட இன்னொருத்தி வேண்டும், வைத்துவிட ஒருத்தி வேண்டும், பேச்சுத் துணைக்கு இரண்டு பேர் வேண்டும். சட்டத்துக்குப் பயம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

சட்டத்தை எதிர்த்து, நீதிமன்றத் தலைவர் பெத்ரோ தெ தேஸாவிடம் ஃப்ரான்ஸிஸ்கோ நுன்யெஸ் மூலே என்ற மொரிஸ்கோக் கிழவர் ஒரு மனு கொடுத்தார். கெவாரா விவகாரம் நமக்குத் தெரிய வருவது அதிலிருந்துதான். மருதாணி பற்றி அவர் சொல்வதன் சாரம் இது: இது மதச் சடங்கல்ல, வெறும் வழக்கம். தலை அழுக்கைப் போக்குகிறது, உடம்புக்கு நல்லது, வியாதிகளைத் தீர்க்கும். மேலே மாசிக்காய் வைப்பதெல்லாம் முடிக்குச் சாயமேற்றவும், பார்வைக்கு நன்றாயிருக்கும் வேலைப்பாடுகள் செய்யவும்தான்.

கெட்டிக்கார வாதம். ஆனால் திரும்பத் திரும்பப் படிக்கையில் எனக்கு உறுத்துகிறது. மருதாணியைக் காப்பாற்ற அதில் ஒன்றுமே இல்லை என்று அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமில்லாததற்காக எழுபது வயதுக் கிழவர் எதற்கு மனு எழுதுகிறார்? நம்மிடையே கவிதைக்குச் சமூகப் பயன் கற்பித்து வக்காலத்து வாங்குகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் எந்த பிலிப்பும் இல்லாமலே. கிழவருக்காவது நிர்ப்பந்தம் இருந்தது. அப்படியும், அழுக்குக்கும் வைத்தியத்துக்கும் நடுவே பார்வைக்கு நன்றாயிருக்கும் என்று ஒரு வார்த்தை அவரை மீறி வந்துவிட்டது. மனுவில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். கைகளுக்குரிய பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது பிஷப் எழுத்திலும் இல்லை, கிழவர் எழுத்திலும் இல்லை.

மனு பலிக்கவில்லை. 1568 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அல்புஹாரா மலைகளில் கலகம் வெடித்தது. அது 1571 வரை நீடித்தது. கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் காஸ்டில் பிரதேசமெங்கும் சிதறடிக்கப்பட்டார்கள். 1609க்கும் 1614க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்தே சுமார் 3 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். வட ஆப்பிரிக்கக் கரைகளில் இறங்கியவர்களுக்கு அங்கே மருதாணி கிடைத்தது.

அரபி அல்-ஹின்னாவிலிருந்து வந்த அலேன்யா என்ற சொல் ஸ்பானிய அகராதியில் இன்னும் இருக்கிறது. வேலிக்கு வைக்கிற வேறொரு புதருக்கும் அங்கே அதே பெயர். வேலை செய்து உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆனவனை, அலேன்யா மாதிரி அரைபட்டுக் கிடக்கிறான் என்பார்கள்.