பணம் வைத்த சீட்டாட்டமும் காவல் சோதனையும்: சேலம், நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து

சேலம் மாநகர எல்லைக்குள் பணம் வைத்துச் சீட்டாடிப் பிடிபடுபவர்மீது பாய்வது 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். அதே ஆட்டம் எல்லையைத் தாண்டி ஓமலூரிலோ ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ நடந்தால் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பாயும். சென்னைக்கென இயற்றப்பட்ட முன்னது 1997இல் சேலம், திருச்சி, திருநெல்வேலி மாநகரங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அதனால் ஒரே வட்டாரத்தில் இரண்டு சட்டங்கள் நடப்பில் உள்ளன. சூதாட்ட விஷயத்தில் இரண்டின் சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். சூதாட்ட விடுதி நடத்துவது குற்றம். அங்கே ஆடுவதும் ஆடும் நோக்கத்துடன் இருப்பதும் குற்றம். முறைப்படி ஆணை பெற்று நுழைந்த இடத்தில் சீட்டுக்கட்டோ பகடையோ கிடைத்தால், ஆட்டத்தை யாரும் கண்ணால் காணாவிட்டாலும், அது சூதாட்ட விடுதி என்பதற்கு அதுவே சான்றாகும். வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தச் சட்டங்களில் அதிகம் பேசப்பட்டது இந்த விலக்குப் பிரிவு. அதிகம் பேசப்படாதது தொடக்கத்தில் உள்ள வரையறை. வீடு, அறை, கூடாரம், வண்டி என எதுவாக இருந்தாலும், அதை வைத்திருப்பவரின் லாபத்துக்காக அங்கே சூதாட்டக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தால் அது பொதுச் சூதாட்ட விடுதி ஆகும் என்கிறது 1930ஆம் ஆண்டுச் சட்டம். இடத்துக்கு வாடகையாகவோ, கருவிக்குக் கட்டணமாகவோ, வேறு எந்த வழியிலோ அந்த லாபம் வரலாம். ஆக, குற்றத்தின் மையம் சீட்டு அல்ல, சீட்டை விரித்துக் கமிஷன் எடுப்பவரின் வரும்படி. இந்த மையத்தை நடைமுறை கைவிட்டுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரெய்டு வேண்டும் என்போரும் சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்போரும் அதைக் கவனிக்காமலேயே வாதாடி வருகின்றனர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பணம் வைத்த சீட்டாட்டம் இரண்டு வகை இடங்களில் நடக்கிறது. ஒன்று, மனமகிழ் மன்றம். இது 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது; உறுப்பினர் பட்டியலும் நிர்வாகக் குழுவும் உண்டு; சிலவற்றில் உறுப்பினருக்கு மது வழங்கும் உரிமமும் உண்டு. மற்றொன்று, பெயர்ப்பலகை இல்லாத திறந்தவெளி: ஏரிக்கரை, கரட்டடி, தோட்டத்துச் சாளை, பேருந்து நிலையம் அருகே ஒரு லாட்ஜ் அறை. இந்த வட்டாரத்தின் தொழில்களில் பணம் ரொக்கமாகவும் விட்டுவிட்டும் கைக்கு வருகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் வாரக்கூலியும் முன்பணமும் வழக்கம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வடமாநிலங்களுக்குப் போகிறவர்கள் பல மாதச் சம்பளத்துடன் ஊர் திரும்புகின்றனர். லாரி ஓட்டுநருக்கு லோடு இறங்கியதும் பணம் வரும். அடுத்த லோடு ஏறும்வரை வேலையும் இருக்காது. கையில் காசும் முன்னால் வெறும்பொழுதும் சேரும் இந்த இடைவெளியில்தான் சீட்டுக்கட்டு பிரிகிறது.

இவற்றில் திறந்தவெளி ஆட்டமே எளிதில் பிடிபடுகிறது. நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இச்செய்தியின் வடிவம் மாறுவதேயில்லை: ரகசியத் தகவல், சுற்றிவளைப்பு, பணம் வைத்துச் சூதாடிய இத்தனை பேர் கைது, சீட்டுக்கட்டும் ரொக்கமும் செல்போன்களும் இருசக்கர வாகனங்களும் பறிமுதல். பறிமுதலான ரொக்கத்தைவிட நிறுத்தி வைத்த வண்டிகளின் மதிப்பு பல மடங்கு இருக்கும். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் காவல் நிலைய ஜாமீனில் அன்றே வீடு திரும்புவர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்தில் சில நூறு ரூபாய் அபராதத்தோடு வழக்கு முடியும். வண்டியை மீட்க அலைவதே உண்மையான தண்டனை. செய்தியில் அநேகமாக இல்லாதது ஒன்றுண்டு. அந்த இடத்தில் கமிஷன் எடுத்தவர் யார் என்ற விவரம்தான் அது. பல நேரங்களில் அப்படி ஒருவர் இருப்பதில்லை. இருக்கும் நேரங்களில் அவர் சீட்டு விரித்த தார்ப்பாயின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை.

மனமகிழ் மன்றங்களின் கதை வேறு. அது உயர்நீதிமன்றங்களில் நடந்த கதை. அதன் அடித்தளம் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் அளித்த தீர்ப்பு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள்மீதும் அதை நடத்தியவர்கள்மீதும் போடப்பட்ட வழக்கு அது. மூன்று சீட்டைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தும் எதை வைத்து எதைக் கழிப்பது என்று கணித்தும் ஆடவேண்டியிருப்பதால் அது பெரிதும் திறமை ஆட்டமே என்றார் நீதிபதி ஹிதாயத்துல்லா. பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடியவருக்கு இது விளக்காமலே புரியும். கையில் வந்த சீட்டு மோசம் என்றால் முதலிலேயே ஸ்கூட் போட்டு 20 புள்ளியோடு தப்பலாம்; நடுவில் விலகினால் 40; கடைசிவரை நின்று தோற்றால் 80 வரை போகும். எப்போது எழுந்துகொள்வது என்ற இந்த ஒரு முடிவிலேயே தேர்ந்த ஆட்டக்காரர் தெரிந்துவிடுவார். உள்ளே வெளியே என்றும் மங்காத்தா என்றும் வழங்கும் ஆட்டத்தில் இத்தகைய முடிவுக்கு இடமில்லை. பந்தயம் கட்டிய சீட்டு எந்தப் பக்கம் விழும் என்று பார்த்திருப்பதோடு ஆடுபவரின் வேலை முடிந்தது.

மற்றொரு சீட்டாட்டமான போக்கர் விஷயத்தில் இந்திய நீதிமன்றங்கள் ஒருமுகமாக இல்லை. 1957ஆம் ஆண்டு மேற்கு வங்கச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றுடன் போக்கரையும் சூதாட்ட வரையறையிலிருந்து நீக்கியது. திறமையாக ஆடப்படும் போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்றது 2013இல் கர்நாடக உயர்நீதிமன்றம். 2017இல் குஜராத் உயர்நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றே கொண்டது. புள்ளிவிவரம் திறமையின் பக்கமே பேசுகிறது. 2010ஆம் ஆண்டு உலகத் தொடர் போக்கர் போட்டிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் ஆகியோர், முன்கூட்டியே திறமைசாலிகள் என அறியப்பட்டவர்கள் போட்ட பணத்துக்குச் சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல் லாபம் கண்டதையும் மற்றவர்கள் சுமார் 15 விழுக்காடு இழந்ததையும் காட்டினர்.

சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்போர் தமக்கு ஆதரவாகக் காட்டும் இந்த எண்களே அவர்களுக்கு எதிராகவும் நிற்கின்றன. கமிஷன் இல்லாத தூய அதிர்ஷ்ட ஆட்டத்தில் யாருக்கும் நிலையான சாதகமோ பாதகமோ இல்லை. இன்று போனது நாளை வரலாம். திறமை மிகுந்த ஆட்டத்தில் மட்டமாக ஆடுகிறவர் தொடர்ந்து, நிச்சயமாக இழக்கிறார். வாரக்கூலி வாங்கிவந்த தறிக்காரர் நாள்தோறும் கிளப்பில் அமரும் ரம்மிக்காரரிடம் தோற்பது தற்செயலல்ல. திறமையா அதிர்ஷ்டமா என்ற உரைகல், எது குற்றம் என்று பிரிப்பதற்கு வக்கீல்களுக்கு வசதியானதே தவிர, யாருக்குக் கேடு என்று காட்டுவதற்குப் பயன்படாது.

1967ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இதற்கு ஒரு திறப்பு இருந்தது. சீட்டாடுவோரிடம் கிளப் வாங்கும் நியாயமான கட்டணம் குற்றமாகாது, ஆனால் பணம் வைத்து ஆடும் ரம்மியிலோ வேறு ஆட்டத்திலோ விடுதிக்காரர் லாபம் எடுப்பதாகச் சான்று இருந்தால் குற்றம் நிலைக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியிருந்தது. பின்வந்த வழக்குகளில் முதற்பாதியே மேற்கோளாக வாழ்ந்தது. மகாலட்சுமி கலாசார சங்கம் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற அமர்வு 2012இல் பணம் வைத்து ரம்மி ஆடுவது குற்றமே என்றது. மேல்முறையீட்டில் இருந்தபோது மனுவே திரும்பப் பெறப்பட்டதால், 2015இல் அந்தக் கருத்துகள் நிற்கமாட்டா என உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. இழுபறி அப்படியே நின்றது. மன்றங்கள், முறையான செயல்பாட்டில் காவல்துறை குறுக்கிடக் கூடாது என்று ஆணை பெற்றுவரும். சட்டமீறல் இருந்தால் சோதனையிடலாம் என்று அதே ஆணையில் எழுதியிருக்கும். இரு தரப்பும் அதைத் தம் வெற்றியாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

தடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு இரண்டு முன்னனுபவங்கள் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல் அதில் அடங்கியிருந்தது. போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948இல் மாகாணம் முழுவதும் விரிந்து, 1971இல் தளர்ந்த அந்தச் சோதனை கடைசியில் அரசே மது விற்பதில் வந்து நின்றது. இரண்டாவது லாட்டரி. 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு உட்பட எல்லா லாட்டரியும் 2003 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. அதன்பின் வந்தது மூன்று நம்பர் லாட்டரி: கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை ஊகித்துக் கட்டும் பந்தயம், துண்டுச் சீட்டிலும் பின்னர் வாட்ஸ்அப்பிலும். விற்பவர்கள் இங்கே அடிக்கடி கைதாகின்றனர், விற்பனை நின்றபாடில்லை. மது அனுபவம் அரசு வருமானத்துக்குப் பழகிவிடுவதன் ஆபத்தைச் சொல்கிறது. லாட்டரி அனுபவம் தடை மட்டும் போட்டு ஏஜெண்டின் கமிஷனைத் தொடாமல் விடுவதன் பயனின்மையைச் சொல்கிறது.

ஆகவே, அனுமதித்தால் வரி கிடைக்கும் என்ற வாதமே சட்டப்பூர்வமாக்கல் கட்சியின் வாதங்களில் மிகவும் பலவீனமானது. கோவா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திச் சூதாட்டக் கூடங்களை அனுமதித்தது சுற்றுலாவை நம்பி. அங்கே தோற்பவர்களில் கணிசமானோர் வெளியூர்க்காரர்கள். திருச்செங்கோட்டில் தோற்பவர் திருச்செங்கோட்டுக்காரராகவே இருப்பார். அவர் அடுத்துப் போகும் இடம் வட்டிக்குக் கொடுப்பவரின் கடை. 2018 ஜூலையில் வந்த சட்ட ஆணையத்தின் 276ஆம் அறிக்கை, சூதாட்டம் விரும்பத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டு, தடையை அமல்படுத்த முடியாவிட்டால் ஆதார் இணைப்பு, தொகை வரம்பு போன்றவற்றுடன் ஒழுங்குபடுத்தலாம் என்றது.

அந்தப் பாதையில் தமிழ்நாடு இணைய ஆட்டத்தில்தான் முதலில் நடந்தது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதற்கு எதிரான முதல் தடைச்சட்டம் 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் இயற்றப்பட்டு, ஆளுநர் திருப்பி அனுப்பி, மீண்டும் நிறைவேறிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்ற உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்ற அட்டவணையை மட்டும் 2023 நவம்பரில் நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடத் தடை, அடையாளச் சரிபார்ப்பு ஆகிய 2025ஆம் ஆண்டு விதிகளும் நீதிமன்றத்தில் நிலைத்தன. திறமை ஆட்டமாக இருந்தாலும் அதைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் வைத்த இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. கைபேசியில் மேசை மூடப்பட்டால் ஆட்டக்காரர் மன்றத்து மேசையைத் தேடுவார் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அந்த மேசைக்கோ இன்றும் 1888உம் 1930உமே சட்டம்.

மாற்றம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. கமிஷன் எடுக்க ஆளில்லாமல், தெரிந்தவர்கள் தமக்குள் சிறுதொகைக்கு ஆடும் ஆட்டத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு எத்தகைய உரிமமும் தேவையில்லை. மன்றங்களில் மேசைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, ஒரு நாளில் இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு, மன்ற வளாகத்தில் கடன் கொடுக்கத் தடை, தணிக்கைக்குரிய கணக்கு ஆகியவை கட்டாயமாக வேண்டும். பந்தயத் தொகையில் விழுக்காடு எடுப்பவர்மீது, ஆட்டம் ரம்மியா போக்கரா மங்காத்தாவா என்று கேளாமல், ஆதாயத்துக்கு ஏற்ற கடுந்தண்டனை வேண்டும். 1930இன் அபராதத் தொகைகள் இன்று ஒரு மேசையின் அரைமணி வரும்படிக்கும் ஈடாகா. அப்போது சோதனைக்குப் போகும் காவலர் தேடவேண்டியது சீட்டுக்கட்டை அல்ல, கணக்குப் புத்தகத்தை. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக உள்ளன. நேரில் ஆடும் ஆட்டத்துக்கு இந்தத் திருத்தத்தைச் செய்யத் தமிழ்நாடு சட்டமன்றம் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.